நேராக வெட்டிய கவர்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் பின்கால் ஒன்று கொஞ்சம் குட்டை, மேடம். நீங்கள் குனிந்து எழுதும்போதெல்லாம் டக்கென்று ஒரு சத்தம் வருகிறது. பழைய அட்டை ஒன்றை நான்காக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தால் ஆறு மாதம் தாங்கும். எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு நாற்காலி உண்டு. வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி. அதற்கு அட்டை மடித்து வைப்பது என் வழக்கம். ஒரே ஒரு நாள் நான் வைக்காமல் போனேன், இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

காகிதம் கொடுத்ததற்கு நன்றி. வாயால் சொன்னால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள், நான் பதில் சொல்லப்போய்ப் பேச்சு எங்கோ போய்விடும். எழுதியே தருகிறேன். என் கையெழுத்து படிக்கக் கஷ்டமாக இருக்காது.

எங்கள் மையம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடியில். இரண்டு மேஜை, ஒரு பீரோ, சுற்றும்போது முனகுகிற ஒரு மின்விசிறி. தோல் வாசனை படியேறி வரும். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு இலவசமாக வழிகாட்டுவது எங்கள் வேலை. அந்தக் கடன் கம்பெனிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஏஜெண்ட் வீடு தேடி வருவான். ஒழுகுகிற கூரையை அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டுவான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். முதல் இரண்டு வருடம் தவணை லேசாக இருக்கும். மூன்றாம் வருடம் அதே தவணை மூன்று மடங்கு ஆகும். அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால், நீங்கள் கையெழுத்துப் போட்ட பக்கத்தில்தான் என்பான். அவர்களிடம் நான் ஒரு டீ கூடக் குடித்ததில்லை. என் பாஸ்புக்கை நீங்கள் பார்த்தாயிற்று. அதில் ஒன்றும் கிடைத்திருக்காது.

கடனில் மூழ்குகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. வருகிற கடிதத்தைப் பிரிக்க மாட்டார்கள். முதல் இரண்டைப் பிரிப்பார்கள், மூன்றாவதை அப்புறம் பார்க்கலாம் என்று வைப்பார்கள், அதன்பின் எல்லாமே அப்புறம்தான். கடைசியில் எங்கள் படியேறும்போது கையில் ஒரு பை இருக்கும். துணிக்கடைப் பை, தலையணை உறை, கிழிந்த பள்ளிக்கூடப் பை. ஒருவர் குக்கருக்குள் போட்டு மூடிக் கொண்டுவந்தார், விசில்தான் பாக்கி. அத்தனையும் ஒட்டியது ஒட்டியபடி இருக்கும். பையை என் மேஜையில் கவிழ்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். நான் ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதி வரிசையில் அடுக்குவேன். அதனால் எனக்குக் கவர் சார் என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் குவியலில் நான் தேடுவது பச்சைக் கரை போட்ட கவர். அதுதான் ஏல அறிவிப்பு. அது கையில் கிடைத்த நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் ஆட்சேபனை மனு ஒன்றைக் கோர்ட்டில் கொடுத்தால் ஏலம் நிற்கும். வட்டி நியாயமா என்று நீதிபதி பார்ப்பார். நாங்கள் எழுதிய மனுவில் பத்துக்கு ஒன்பது வீடு தப்பியது. இருபத்திரண்டாம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். வந்தவரிடம் கையெழுத்து வாங்கி, மனுவை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவது நான்தான். ரசீது எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரு கடிதத்தைக் கூடப் பிரிக்காதவர்கள் ரசீதா கேட்கப் போகிறார்கள்?

என் அப்பாவும் அப்படித்தான். கடிதம் வந்தால் பீரோ மேல் போடுவார். எனக்குப் பதினேழு வயது நடக்கும்போது ஒரு நாள் நாங்கள் மூவரும் தெருவில் நின்றோம். அம்மா கையில் ஏனோ இஸ்திரிப்பெட்டி மட்டும் இருந்தது. ஏன்ப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "பிரிச்சா உண்மையாயிடுமோன்னு பயந்துட்டேன்டா" என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. அவரை நான் கடைசிவரை மன்னிக்கவில்லை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மையத்தில் முதல் இரண்டு வருடம் நான் இவர் அவர் என்று பேதம் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் மனு போட்டேன். பிறகு ஒரு லாரி டிரைவர் வந்தார். ஏற்கெனவே ஒரு முறை நான் வீட்டை மீட்டுக் கொடுத்த ஆள். இன்னொரு கம்பெனியில் இன்னொரு கடன். அதே பை. அதற்குள் நாற்பது கவர், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டி, "அதான் நீங்க இருக்கீங்களே சார்" என்றார்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஆளைப் பிடித்து மாடிப்படியில் உருட்டிவிட வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஒரு வாரம் யோசித்து ஒரு முறையைக் கொண்டுவந்தேன்.

முறை எளிமையானது. வந்தவர் கையெழுத்துப் போட்டு முடித்ததும், குவியலிலிருந்து ஒரே ஒரு சாதாரண கவரை, பிரிக்காமல், அவரிடமே திருப்பிக் கொடுப்பேன். "இத மட்டும் நீங்களே வீட்ல பிரிச்சுப் படிச்சிட்டு அடுத்த வாரம் கொண்டு வாங்க" என்பேன். பிரித்துக்கொண்டு வந்தால் அன்று மத்தியானமே மனுவைக் கோர்ட்டில் கொடுத்துவிடுவேன். பிரிக்காமல் கொண்டுவந்தாலும், தொலைத்துவிட்டேன் என்றாலும், மனு என் மேஜையின் கீழ் டிராயருக்குப் போகும். அவ்வளவுதான். பரீட்சை என்று அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் பாஸாகிவிடுவார்கள்.

நான்கு வருடத்தில் இருநூற்று நாற்பது பேருக்கு மேல் பிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீடுகளில் இன்றைக்கும் விளக்கு எரிகிறது. இந்த எண்ணையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கீழ் டிராயருக்குப் போனது நாற்பத்து நான்கு என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. என் கணக்கில் அது நாற்பத்து மூன்று. மீதி ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன்.

அந்த நாற்பத்து மூன்று பேரிடமும் நான் கடுமையாக ஒரு சொல் பேசியதில்லை. "கோர்ட்ல தள்ளிட்டாங்க" என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து, அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன். வீட்டைக் காலி செய்யும் நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். கட்டில் தூக்கினேன், பாத்திரம் கட்டினேன். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சொந்தப் பிள்ளைகூட வரல, நீங்க வந்தீங்க என்றார். வீடு போனபின் அவர்களுக்குக் கடன் இல்லை, கடிதமும் வராது. ஒருவிதத்தில் நிம்மதிதான். நானும் தெருவில் நின்ற பிறகுதான் மனிதனானேன்.

இப்போது தையல்காரம்மா.

அவர் வந்தது பச்சைக் கவர் கிடைத்த நான்காம் நாள். கழுத்தில் அளவு டேப்பைக் கழற்றாமலே வந்திருந்தார். ஜாக்கெட் கையில் இரண்டு ஊசி குத்தியிருந்தது. வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து இரண்டு வருடம். தெருவைப் பார்த்த ஜன்னலோரம் அவருக்குக் கட்டில். போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பொழுது போகுமாம். அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிப் போக வாசலில் சரிவும், அகலமான குளியலறையும் கட்டத்தான் கடன். முப்பது வருடம் பள்ளிக்கூடச் சீருடை தைத்து வாங்கிய வீடு.

பையைக் கவிழ்த்துவிட்டு, எல்லோரையும் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு இதைப் பாத்தாலே வயித்தைக் கலக்குதுண்ணே. நீங்களே பிரிச்சிடுங்களேன்."

பிரித்தேன். மனு எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். ஒரு கவரை அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அது ஒட்டியபடியே திரும்பி வந்தது. "மறந்துட்டேண்ணே. மெஷின் மேலயே, கண்ணு முன்னாடியேதான் இருந்துச்சு" என்றார். கண் முன்னால் இருப்பதை எப்படி மறக்க முடியும்? இன்னொருவர் என்றால் மனு அன்றே டிராயருக்குப் போயிருக்கும். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் என் சட்டைக் கைப் பித்தான் தொங்குவதைப் பார்த்து, ஜாக்கெட்டிலிருந்த ஊசியை எடுத்து, நான் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் தைத்து, நூலைப் பல்லால் கடித்து விட்டார். பித்தானுக்கு மயங்கினேன் என்று நினைக்காதீர்கள். இருபத்தொன்றில் இன்னும் பத்து நாள் இருந்தது. இன்னொரு வாரம் கொடுத்தேன்.

பதினெட்டாம் நாள் வந்தார். வரும்போதே சிரிப்பு. "பிரிச்சிட்டேண்ணே" என்று கவரை நீட்டினார், வீட்டுப்பாடத்தைக் காட்டுகிற பிள்ளை மாதிரி. நான் வாங்கிப் பார்த்தேன்.

கவரின் ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக வெட்டியிருந்தது.

நான்கு வருடமாக நான் அந்தக் கவர்களைப் பார்த்தவன். பயந்தவர்கள் கவரைக் கட்டைவிரலை விட்டுப் பிய்ப்பார்கள். ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். பாதிப் பேர் உள்ளே இருக்கிற கடிதத்தையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வருவார்கள். இப்படி நேராக வெட்ட வேண்டுமென்றால் நடுங்காத கை வேண்டும். கடிதத்தைக் கண்டாலே வயிற்றைக் கலக்குகிறது என்று சொன்ன ஒருத்திக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டில் யாரிடமோ கொடுத்துப் பிரித்து வாங்கியிருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

"யார் பிரிச்சுக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"நானேதாண்ணே."

"உண்மையாவா?"

"சத்தியமாண்ணே. உள்ள என்ன எழுதியிருக்குன்னு வேணா சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். பிரிக்காதது ஒரு தப்பு, அதற்குமேல் பொய் என்று எனக்குக் கோபம் வந்தது. பொய்ச் சத்தியத்தைப் போல வேறு எதையும் யாரும் தாராளமாகச் செய்வதில்லை. "நான் பாத்துக்கறேன், போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். மனுவை டிராயரில் வைத்தேன். இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் அலுவலகத்தில்தான் இருந்தேன், கோர்ட் நடக்கிற தூரம்தான்.

காலி செய்த நாள் காலை பத்து மணிக்கு நானும் போனேன். கோர்ட்டிலிருந்து இரண்டு பேர், பூட்டுக்காரர் ஒருவர். வீட்டுக்காரரை நாற்காலியோடு தூக்கி அந்தச் சரிவு வழியாக இறக்கினோம். சரிவுக்கு அடித்த பெயின்ட் புதிது போலவே இருந்தது. தையல் மெஷினைச் சுற்றத் துணி தேவைப்பட்டது. தையல்காரம்மா ஒரு பழைய மெத்தை விரிப்பைத் தரையில் போட்டு, இடுப்பில் செருகியிருந்த கத்தரியை எடுத்தார். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தார். தோள் குலுங்கியது, கண்ணீர் துணியில் விழுந்துகொண்டிருந்தது, எதிரே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கத்தரி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டமாக ஓடியது. கோடு போடவில்லை, அளக்கவில்லை. நூல் பிசகாமல் நேராக வெட்டியிருந்தது.

நான் அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். தையல்காரி. அவர் எதை வெட்டினாலும் அப்படித்தான் வெட்டுவார். எதிரில் உட்கார்ந்து என் பித்தானைத் தைத்தவர், கழுத்தில் டேப்போடு வந்தவர். பயத்தோடுதான் அந்தக் கவரை வெட்டியிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

இதைத்தான் தனியாகச் சொல்கிறேன் என்றேன். வேலை தெரிந்தவனுக்கும் ஒரு முறை தவறும். யானைக்கும் அடி சறுக்கும்.

அதற்குப் பிறகும் ஒரு வழி இருந்தது. உங்கள் கேள்வியே அதுதான் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். காலி செய்த முப்பது நாளுக்குள், "மனு தாமதமானது எங்கள் மையத்தின் தவறு" என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், கோர்ட் வழக்கைத் திரும்ப எடுக்கும், சாவியும் திரும்பக் கிடைக்கும். நான் அந்தக் கடிதத்தை எழுதினேன். நல்ல தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல். மடித்துக் கவரில் போட்டேன். பிறகு யோசித்தேன். இந்த ஒன்றைக் கொடுத்தால் மற்றவற்றையும் கிளறுவார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும். மையத்தை மூடுவார்கள். அப்புறம் வருகிறவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு வீட்டுக்காக நூறு வீட்டைக் காவு கொடுப்பது நியாயமா? முப்பதாம் நாள் முழுக்க மேஜையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேருக்கு மனு எழுதினேன். ஐந்து மணிக்குக் கோர்ட் மூடும். ஐந்தேகாலுக்கு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவர்கள் தையல்காரம்மாவின் அண்ணன் வீட்டு மாடி அறைக்குப் போனார்கள். படி குறுகல், வீட்டுக்காரரை ஏற்றியதோடு சரி, இறக்க முடியவில்லை. ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. இரண்டு மாதத்தில் அவர் இறந்துபோனார். தெரு தெரியாததால் ஒருவர் இறந்தார் என்று எந்த டாக்டரும் எழுத மாட்டார். துக்கத்துக்கு நான் போனேன். அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து தையல்காரம்மா எழுந்து வந்து எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"எங்களுக்காக நீங்க எவ்வளவோ அலைஞ்சீங்கண்ணே. எங்க நேரம் சரியில்ல" என்றார்.

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

மாட்டிக்கொண்டது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆறு வருடத்தில் நான் எடுத்த ஒரே ஒரு லீவு, பல் வலிக்காக. அன்று புதன்கிழமை. புதன்தோறும் வருகிற வக்கீல் பெண் அந்த நாற்காலி ஆடுவதைப் பார்த்து, மடித்து வைக்க ஒரு அட்டை தேடி என் கீழ் டிராயரைத் திறந்திருக்கிறது. அந்த டிராயரை நான் பூட்டியதே இல்லை. மறைக்க வேண்டிய பொருளாக நான் அதை நினைக்கவில்லை. எல்லா மனுவும் தேதி வரிசையில், தொலைத்தவர்கள் போக, ஒவ்வொன்றோடும் அவரவர் பிரிக்காத கவரைக் கோர்த்து வைத்திருந்தேன். கடைசி மனுவோடு மட்டும் நேராக வெட்டிய கவர்.

மறுநாள் அந்தப் பெண் என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே பேசியது. உட்காரவில்லை.

"இதெல்லாம் என்ன சார்?"

"குடுக்காத மனும்மா."

"ஏன் குடுக்கல?"

முறையை விளக்கினேன். பொறுமையாக, இப்போது உங்களுக்கு எழுதுவது போலத்தான். முடிக்கும்வரை கேட்டது. பிறகு, "வேலியே பயிரை மேஞ்சிட்டீங்களே சார்" என்றது. சின்னப் பெண், கோபத்தில் சொல்கிறது என்று விட்டுவிட்டேன். நான் ஒரு இலை கூட மேயவில்லை. மேய்ந்திருந்தால் பாஸ்புக்கில் இருந்திருக்கும்.

நாற்பத்து நான்கு பேருக்கும் அந்தப் பெண்ணே விவரம் எழுதி அனுப்பிவிட்டது. அவர்களில் எத்தனை பேர் அதைப் பிரித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கடைசியாக நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். நாற்பத்து நான்கு பேர் என்னை நம்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுக்களை நான் தெரிந்தே கோர்ட்டில் கொடுக்கவில்லை. கோர்ட் தள்ளிவிட்டது என்று பொய் சொன்னேன். அதில் ஒருவர் விஷயத்தில் நான் தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்த பிறகும், சரிசெய்ய முப்பது நாள் இருந்தும், சும்மா இருந்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. நல்ல நினைவோடுதான் எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. என் சட்டைப் பையிலிருந்து எடுத்த சாமான்களை உங்கள் ஆள் பட்டியல் போட்டிருக்கிறார். கைக்கடிகாரம், சாவி, கைக்குட்டை, ஒரு கவர். அந்தக் கவர் என்ன என்று அவர் கேட்டார். அது தையல்காரம்மா எனக்கு எழுதியது. வக்கீல் பெண்ணின் கடிதம் போன பிறகு வந்தது, மூன்று வாரம் ஆகிறது. முகவரியை அவரே எழுதியிருக்கிறார், ஒவ்வொரு எழுத்தும் தையல் போட்டது போல ஒரே அளவு. பெரிதாக ஒன்றும் இருக்காது. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்லி எழுதுகிற கடிதமாக இருக்கலாம். வேலை மும்முரத்தில் பார்க்க முடியவில்லை. இன்று கிளம்பும்போது பையில் போடும்வரை மேஜை மேல், கண் முன்னாலேயேதான் இருந்தது, மறந்துவிட்டேன்.

மேடம், அதை நீங்களே பிரித்துவிடுங்களேன்.